நாகூம் என்றால் ஆறுதல்

“ஊர்ல வேற பேரே இல்லையாடி உனக்கு?”

குழந்தை பிறந்த எட்டாம் நாள் காலை. யூதர் வழக்கப்படி விருத்தசேதனச் சடங்கு முடிந்ததும் பெயரை உரக்க அறிவித்துவிடுவார்கள். ஜெருசலேமின் அந்தச் சின்ன வீட்டில், தொழுகைக் கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஃப்ரூமா மகளை விடவில்லை.

“அப்பா பேரைத்தான் வைப்பேன்,” என்றாள் ஷிஃப்ரா. “செத்தவங்க பேரைத்தானேம்மா நாம வைக்கிறோம்? உயிரோட இருக்கிறவங்க பேரை வெச்சாத்தான் அவங்க ஆயுசுக்கு ஆகாது.”

ஃப்ரூமா தலைத்துணியை இறுக்கி முடிந்தாள். “ஆமோஸ்னு வை. யோவேல்னு வை. தீர்க்கதரிசி பேருக்கா பஞ்சம்?”

“நாகூமும் தீர்க்கதரிசிதானே?”

“நல்ல தீர்க்கதரிசி! பேருக்கு அர்த்தம் ஆறுதலாம். எழுதினது பூரா நினிவேக்காரங்களைத் திட்டித் தீர்த்தது!”

ஷிஃப்ரா சிரித்துவிட்டாள். “நினிவேகிட்ட அடிபட்டவங்களுக்கு அந்தத் திட்டுதாம்மா ஆறுதல். எனக்குப் பால்பல் விழறதுக்கு முன்னாடியே அப்பா போயிட்டார். எங்கேயோ வெளிநாட்டுல புதைச்சாங்கன்னு நீ சொன்னே, கல்லறையைக்கூடப் பார்த்ததில்லை. பேராவது வீட்டுல இருக்கட்டுமே.”

“வேண்டாம்னா வேண்டாம்.”

“அவர் நினைவு நாளுக்கு நான் விளக்கேத்தினாலும் நீ திரும்பிப் பார்க்கிறதில்ல. செத்தவர் மேல அப்படி என்னம்மா கோபம்?”

ஃப்ரூமா குழந்தையின் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

தொழுகைக் கூடத்தில் பெண்கள் மரத்தட்டிக்குப் பின்னால் நின்றார்கள். அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது. உதட்டில் ஒரு சொட்டுத் திராட்சரசம் பட்டதும் அழுகை அடங்கியது. ஷிஃப்ராவின் கணவன் ஹில்லேல் பக்கத்தில் நிற்க, பெரியவரின் குரல் கணீரென்று எழுந்தது:

“இஸ்ரவேலில் இவன் பெயர், ஹில்லேலின் மகன் நாகூம்!”

“மஸல் தோவ்!” என்று கூடமே வாழ்த்தியது. ஷிஃப்ரா கண்களைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அம்மா நின்ற இடம் காலியாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் ஃப்ரூமா வெளியேறியிருந்தாள்.

“இன்னிக்குமா பிடிவாதம்!” என்று முணுமுணுத்தாள் ஒரு சொந்தக்காரி.

ஃப்ரூமா வீட்டுக்குப் போகவில்லை. பேருந்து பிடித்து ஊர் எல்லையில் இறங்கி, மனநல விடுதியின் படிகளில் மூச்சிரைக்க ஏறினாள். அந்த இடத்தில் தனக்கு ஒருவர் இருப்பது தெரிந்தால் மகளை யார் கட்டுவார்கள் என்று பயந்து, அவள் இத்தனை வருடம் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். துடித்துக்கொண்டிருந்தது.

“என்ன ஃப்ரூமா, இன்னிக்கு நீ வர்ற நாள் இல்லையே?” என்றார் நாகூம்.