வெளிமூலையில் ஓர் இடைவெளி

“இன்னைக்கும் வாய் பிளந்துதான் நிக்குது ஐயா” என்றார் தச்சர்.

ஹாலில் சுவர் வெளிப்பக்கம் திரும்பும் மூலை. அங்கே ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டிய, சுவரடியில் ஓடும் இரண்டு பீடிங் கட்டைகளுக்கு நடுவே ஓர் அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி.

“ரெண்டையும் நாப்பத்தஞ்சு டிகிரியில வெட்டினா கச்சிதமா சேரணும். மூணு நாளா சேரல.”

“மெஷினைப் பாத்தீங்களா தம்பி?” என்றார் வீட்டுக்காரர்.

தச்சர் பால்கனிக்குப் போய், இரவில் அங்கேயே விட்டுப்போகும் ரம்ப மெஷினைக் குனிந்து பார்த்தார். “கோணம் காட்டற முள்ளு நான் வச்ச நாப்பத்தஞ்சுலதான் இருக்கு. சுவரும் நேரா இருக்கு. என் கைதான் சரியில்ல.”

“எனக்கென்ன அவசரம்? உக்காருங்க, டீ போடறேன். நாளைக்கு வெட்டிக்கலாம்.”

மூன்று நாளும் டீயும் பேச்சுமாக மத்தியானம்வரை ஓடியிருந்தது. வீட்டுக்காரரின் மனைவி காலமான பிறகு அந்த வீட்டில் அவ்வளவு பேச்சு இருந்ததில்லை.

தச்சர் உட்காரவில்லை.

“வேண்டாங்க. என் மச்சினனை அனுப்பறேன், முடிச்சுக் குடுப்பான். மெஷினையும் அவனே வச்சுக்கட்டும். முப்பது வருஷம் செஞ்சாச்சு, போதும்.”

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். தினமும் தச்சர் வருமுன் ரம்பத்தைத் திருப்பி அந்த முள்ளை இரண்டு கோடு தள்ளி வைத்தவரும், வெட்டிய கட்டையோடு தச்சர் ஹாலுக்குள் போனதும் நாற்பத்தைந்துக்கே திருப்பி வைத்தவரும் அவர்தான்.

“தம்பி...” என்று கூப்பிட்டார்.

தச்சர் திரும்பிப் பார்த்தார்.

“பாத்துப் போங்க” என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தினார்.