வெள்ளிக்கிழமைக்குள் மாமியார்

“மாமியாரை வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுறேன் சார்.”

மடித்த துணிகளோடு மருமகளின் அறை வாசலுக்கு வந்த மாமியாருக்குக் கால் அப்படியே தரையோடு ஒட்டிக்கொண்டது.

உள்ளே மருமகள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலில் ஒரு பதற்றம் இல்லை. கடையில் சாமான் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நாத்தனாரை அடுத்த மாசம் பார்த்துக்கலாம் சார். மாமனாருக்குத் தனியா மெனக்கெட வேண்டாம். மாமியாரோட சேர்த்தே முடிச்சிடலாம்.”

துணிகளை வாசலிலேயே வைத்துவிட்டு, கடவுளை நினைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். கணவர் பேப்பரில் மூழ்கியிருந்தார். காதோடு காதாக விஷயத்தைச் சொன்னாள். சேர்த்து முடிக்கப் போகிறாளாம் என்பதையும் விடாமல் சொன்னாள்.

“காலேஜுக்கு ஏதோ ஆராய்ச்சி பண்றாளே, அதுவா இருக்கும்” என்றார் அவர், பேப்பரை மடிக்காமலே.

“ஆராய்ச்சியில மாமியாருக்கு என்னங்க வேலை? படிச்ச மருமக எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாதா? எத்தனை படம் பார்த்திருக்கேன்.”

அதென்னவோ உண்மை. பள்ளிக்கூடம் அவளை எட்டாவதோடு விட்டுவிட்டது. அதற்கு மேல் படித்ததெல்லாம் சினிமாவில்தான். படித்த மருமகள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவாள். வந்த சூட்டோடு தனிக்குடித்தனம் கேட்பாள். இடைவேளைக்குள் பாலில் எதையாவது கலந்துவிடுவாள்.

இவள் வந்து வருஷம் ஒன்றாகிறது. கண்ணாடி உண்டு, வெள்ளைக் கண்ணாடி. தனிக்குடித்தனம் கேட்கவே இல்லை. இப்போது யோசித்தால், கேட்காமல் இருந்ததே சந்தேகமாக இருந்தது.

சாயங்காலம் மருமகள் வழக்கம்போலப் பால் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் முதுகைத் திருப்பியதுதான் தாமதம், பால் முழுவதும் ஜன்னலோரத் தொட்டிச் செடிக்குப் போனது. ‘வாயில்லா ஜீவன், என்னை மன்னிச்சிடு’ என்று செடிக்காக ஒரு பிரார்த்தனையும் செய்தாள்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் செடியைப் பார்த்தாள். புதுசாக ஒரு தளிர் விட்டிருந்தது. செடிக்கு ஒத்துக்கொள்ளும், மனுஷ உடம்பும் செடியும் ஒன்றா?

அன்று சாயங்காலம்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. டம்ளரோடு வந்த மருமகள், மாமியாரின் கண் எதிரிலேயே ஒரு வாய் குடித்தாள். அப்புறம் நீட்டினாள்.

“சூடு சரியா இருக்கு அத்தை.”

மறுநாள் காபியும் அப்படித்தான். கஞ்சியிலும் ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் கிண்ணம் கைக்கு வந்தது. போகட்டும், விஷமில்லை என்றாவது தெரிந்ததே என்று குடித்துவைத்தாள். ஆனால் மனசு ஆறவில்லை. மகளுக்கு மறுபடியும் போன் போட்டுவிட்டாள்.

“எல்லாத்தையும் எச்சில் பண்ணித்தான் குடுக்கிறாடி. பெத்தவங்க இதைக்கூடவா சொல்லித் தரலை?”

கொலை பண்ணப் போறான்னு சொன்னியே, அது என்னாச்சு என்று கேட்டாள் மகள்.

“அதுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு.”

வெள்ளிக்கிழமையும் வந்தது. அன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரம் சாமி கும்பிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். மத்தியானம் அறைக் கதவு திறந்தது. கை நிறையக் காகிதக் கட்டோடு மருமகள் ஓடி வந்தாள்.

“அத்தை, ஒருவழியா மாமியாரை முடிச்சிட்டேன்.”

“நான் இங்கதானேம்மா உட்கார்ந்திருக்கேன்” என்றாள் மாமியார் மெல்ல.

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். பழைய கதைகளிலும் படங்களிலும் குடும்பத்து உறவுகளை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சியாம். உறவுக்கு ஒரு அத்தியாயமாம். மாமியார் என்றால் இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் தேள்கொடுக்கு. மாமனார் என்றால் சாய்வு நாற்காலி, பேப்பர். அவருக்குத் தனி அத்தியாயம் எழுத ஒன்றும் தேறவில்லையாம்.

கூடத்தின் அந்தப் பக்கம் பேப்பர் லேசாகக் கீழே இறங்கியது.

“வீடு யார் பேர்ல இருக்கு, சம்பளம் யார் கையில இருக்குன்னு எந்தப் படமும் கேட்கலை அத்தை. ஒரு சாவிக்கொத்துக்காக ரெண்டு பொம்பளைங்களை மோத விட்டுட்டாங்க. அதையே பார்த்துப் பார்த்து, நிஜ வீட்டுலயும் ஒருத்தருக்கொருத்தர் பயந்துக்கிட்டோம். நானும் இந்த வீட்டுக்குள்ள பயந்துக்கிட்டேதான் வந்தேன்.”

மாமியார் காகிதக் கட்டைப் பார்த்தாள். “அப்போ படிச்ச மருமக?”

“அதுதான் அடுத்த அத்தியாயம். கறுப்புக் கண்ணாடி, பால்ல விஷம், எல்லாம் வரும்.”

பேப்பருக்குப் பின்னால் இருமல் சத்தம் கேட்டது.

சாமியிடம் மனசுக்குள் ஆயிரம் மன்னிப்புக் கேட்டாள் மாமியார். எவ்வளவு நல்ல பெண். இந்த ஒரு குறையையும் திருத்திவிட்டால் போதும். தாயாக இருந்து நாம்தானே சொல்ல வேண்டும்? மருமகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

“ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதேம்மா. குடுக்கிறதுக்கு முன்னாடி வாய் வைக்கிற அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுடு.”

“இன்னைக்கே விட்டுடுறேன் அத்தை” என்றாள் மருமகள். “நீங்க செடிக்குப் பால் ஊத்தினதைப் பார்த்தப்புறம் வந்த பழக்கம்தானே அது.”