நிற்காத ஸ்டேஷன்

செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி, அந்தச் சின்ன ஸ்டேஷனில் மாலை ரயில் இனி நிற்காது என்று அறிவித்துவிட்டார்கள். அன்று மில் வேலை முடிந்து அதே ரயிலில் வந்த ஒரு அம்மாள், ஸ்டேஷன் நெருங்குமுன்பே பையைத் தூக்கிக்கொண்டு பெட்டி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"உட்காருங்கம்மா. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி எல்லாரும் திரும்பி நடக்க வேண்டியதுதான்," என்றார் உடன் பயணம் செய்த தையல்காரர் ஒருவர்.

"இன்னிக்கு இங்கேயே நிக்கும். என் மருமக சொல்லியிருக்கா."

"உங்க மருமக என்ன மந்திரியா?"

பெட்டியே சிரித்தது.

"மனு குடுத்துக் குடுத்துப் பார்த்தா. யாரும் மசியல. இனிமே கெஞ்ச மாட்டேன்னுட்டா."

ரயில் வேகம் குறைந்து, நின்றது. சிரித்தவர்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள்.

அம்மாள் நேராக என்ஜினுக்கு நடந்தாள்.

"வேலை போயிடுமேடி," என்றாள், அண்ணாந்து பார்த்து.

"போனாப் போகட்டும் அத்தை. போற வரைக்கும் தினமும் இங்கே நிறுத்துவேன்," என்றாள், டிரைவர் இருக்கையிலிருந்த மருமகள்.