சிமிட்டினால் ஃபெயில்

"அண்ணிங்கிறதுக்காகச் சலுகை எல்லாம் எதிர்பார்க்காதீங்க. திரை ஒரு தடவை சிமிட்டினாலும் ஃபெயில்தான்!" என்றபடி சோதனைக்கூடத்துக்குள் நுழைந்தாள் நாத்தனார்.

"மூணு தடவை ஃபெயில் போட்ட கையாச்சே! நீயாவது சலுகை கொடுக்கிறதாவது!" என்றாள் அண்ணி.

மேசையில் இருந்தது அண்ணி வடிவமைத்த, இதயத் துடிப்பைக் காட்டும் சிறு கருவி. ஒரே கேபிளில் ஒரு பெரிய திரையோடு இணைந்திருந்தது. திரைக்குச் சுவரிலிருந்து மின்சாரம் வரும். திரை அந்தக் கேபிள் வழியே கருவியின் பேட்டரியை நிரப்பும். திரையின் பிளக்கைப் பிடுங்கினால், பேட்டரி அதே கேபிளில் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பித் திரையை அணையாமல் காக்க வேண்டும். மூன்று முறையும் திரை ஒரு நொடி இருண்டது. இன்றும் இருண்டால், எட்டு மாத உழைப்பு வேறொரு குழுவின் கைக்குப் போய்விடும்.

அண்ணி கருவியின் கிளிப்பைத் தன் விரலில் மாட்டிக்கொண்டாள். திரையில் பச்சைக் கோடு ஓடியது.

நாத்தனார் கருவியின் சார்ஜ் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டினாள். "விளக்கைப் பார்க்கக் கூடாது, திரையை மட்டும் பாருங்க." மேசைக்கடியில் குனிந்து ஷூ லேஸை இறுக்கிக்கொண்டு எழுந்தாள். "ம்... சொல்லுங்க, என்ன மாத்தினீங்க?"

"கன்ட்ரோலர் சிப்புக்கு ரெண்டு வாசல். ஒண்ணு மின்சாரம் உள்ளே வர, இன்னொண்ணு வெளியே போக. ரெண்டும் சேர்ந்து திறந்தா மோதிக்கும். ரெண்டும் மூடிக் கிடந்தா திரை இருண்டுடும்."

"போன தடவை ஏன் இருண்டுச்சு?"

"பிளக் போனதும், 'இனிமே நான் கொடுக்கட்டுமா'ன்னு திரைகிட்டப் பேசி முடிச்சுட்டுத்தான் வெளிவாசலைத் திறந்துச்சு. இப்போ உள்வாசலைச் சாத்தின கையோட வெளிவாசல் திறந்துடும். பேச்சு எல்லாம் அப்புறம்."

"எங்க அண்ணன் மாதிரின்னு சொல்லுங்க. முதல்ல கொடுத்துடுவான், எதுக்குன்னு அப்புறம்தான் கேப்பான்."

"அவரைப் பார்த்துத்தான் யோசனையே வந்துச்சு. போய்ச் சொல்லிடாதே, மனுஷனைப் பிடிக்க முடியாது!"

நாத்தனார் சிரிக்கவில்லை. கேள்விமேல் கேள்வியாகக் கேட்டு, படிவத்தை நிதானமாக நிரப்பினாள். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாளோ? அண்ணி பொறுமையிழந்தாள்.

"போதும் தாயே! என் நெஞ்சு அடிச்சுக்கிறது உனக்குத் திரையிலயே தெரியலையா? சீக்கிரம் அந்தப் பிளக்கைப் பிடுங்கித் தொலை!"

படிவத்தின் அடியில் கையெழுத்திட்டு, பேனாவை மூடினாள் நாத்தனார். மேசைக்கடியிலிருந்து திரையின் ஒயரை இழுத்து, அதன் முனையில் ஆடிய பிளக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"ஷூ லேஸ் கட்டும்போதே பிடுங்கிட்டேன் அண்ணி. கால் மணி நேரம் ஆச்சு."

சிமிட்டாத திரையில் பச்சைக் கோடு மட்டும் துள்ளிக் குதித்தது.