கத்தினால் ஒரு பைண்ட்

வெள்ளிக்கிழமை சாயங்காலம். இங்கிலாந்தின் பர்ன்லியில் ‘ரெட் ஷட்டில்’ பப்பில் உட்கார இடமில்லை. ஆனால் மூலையிலிருந்த வினாடி வினா மெஷினின் முன்னால் நெவில் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தான்.

பார் கவுண்டரிலிருந்த ஷோனாவுக்கு இது பொறுக்கவில்லை. கிளாஸ்கோவிலிருந்து வந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். ஐம்பது வயதாகியும் மனதில் பட்டதை விழுங்கிப் பழகாதவள்.

மற்ற நாட்களில் யார் காசு போட்டு ஆடினாலும் பின்னால் ஈயாக மொய்ப்பார்கள். கேள்வி திரையில் முழுசாக வருவதற்குள் நாலு பக்கமும் பதிலைக் கத்துவார்கள். சும்மா இல்லை. ஜாக்பாட் விழுந்தால், பதில் கத்தியவர்களுக்கெல்லாம் ஜெயித்தவன் ஆளுக்கு ஒரு பைண்ட் பீர் வாங்கித் தரவேண்டும். எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். மீறியவன் அந்தப் பப்பில் மறுபடி தலைகாட்ட முடியாது.

ஜாக்பாட்டோ இருபது பவுண்டு. அதற்கு மேல் ஒரு பென்னி கொடுக்க மெஷினுக்கு அனுமதி இல்லை. பீர் விலைக்கு மட்டும் அப்படி ஒரு வரம்பை யாரும் விதிக்கவில்லை. போன மாதம் ஜாக்பாட் அடித்த ஒரு பிளம்பர், எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குக் காசில்லாமல் வீட்டுக்கு நடந்தார்.

நெவிலின் நிலைமை எல்லாருக்கும் தெரியும். மில் மூடியதிலிருந்து வேலை இல்லை. மகள் ஜூடித் ஊர் பேண்டு வாத்தியக் குழுவில் கார்னெட் ஊதுகிறாள். விடிந்தால் போட்டிக்குப் புறப்படும் பஸ்ஸில் அவளும் ஏற வேண்டுமென்றால் இருபது பவுண்டு கட்டியாக வேண்டும்.

நெவில் கேள்விகளை வாய்விட்டுப் படித்துத்தான் ஆடுவான். முதல் சில கேள்விகளைத் தாண்டிவிட்டான். அடுத்ததில் தடுமாறித் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் நிமிரவில்லை.

டோமினோ மேஜையில் ஒருவர், தன் மச்சான் நார்வேயில் பிடித்த மீனைப் பற்றி ஆரம்பித்தார். எதிரே இருந்தவர், “நார்வேயா?” என்றார். “நார்வேதான்” என்றார் இவர், பப் முழுக்கக் கேட்கும்படி.

மெஷின் மணியடித்தது. அடுத்த கேள்வி.

ஷோனா பப்பின் சொந்தக்காரி டோரீனிடம் முணுமுணுத்தாள். “என்ன ஜனங்க இவங்க? வேலையில்லாதவன் எங்க பீர் வாங்கித் தரப்போறான்னு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்காங்க.”

“நீ குவளையைத் துடை கண்ணு” என்றாள் டோரீன்.

கடைசிக் கேள்வி வந்தது. நெவில் படித்தது ஷோனா காதில் சரியாக விழவில்லை. ஏதோ மிருகத்தைப் பற்றி. திரையில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. நெவிலின் விரல் பொத்தான்களின் மேல் அங்குமிங்கும் அலைந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து க்ளிஃபர்ட் வாயைத் திறந்தார். ரிட்டயர்டு போஸ்ட்மேன். அந்தப் பப்பில் அவருக்குத் தெரியாத பதிலே கிடையாது. மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, ஷோனாவிடம் தன் அத்தை கதையைத் தொடங்கினார்.

“டாஸ்மேனியாவுல இருக்காங்க. தோட்டத்துல தினம் ஒரு வாம்பட் பூந்து நாசம் பண்ணுது. விரட்டி விரட்டி அத்தைக்கு இடுப்பே போச்சு. வாம்பட், கண்ணு, வாம்பட். கரடிக்குட்டி மாதிரி இருக்கும்.”

“காது நல்லாத்தான் கேக்குது எனக்கு” என்றாள் ஷோனா.

மெஷினிலிருந்து காசு கொட்டும் சத்தம்.

நெவில் இரண்டு கையாலும் நாணயங்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கவுண்டருக்கு வந்தான். யாருக்கெல்லாம் பைண்ட் வாங்க வேண்டும் என்று கேட்டான்.

டோமினோ மேஜைக்காரர், கத்தியவனுக்குத்தானே பைண்ட், இன்றைக்கு இங்கே எவன் கத்தினான் என்று எரிந்து விழுந்தார்.

நெவில் க்ளிஃபர்டின் தோளில் கை வைத்தான்.

“உங்க அத்தையை நான் விசாரிச்சதாச் சொல்லுங்க.”

“சொல்றேன்ப்பா” என்றார் க்ளிஃபர்ட், குவளையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நெவில் வெளியே போனதும் ஷோனா க்ளிஃபர்டைப் பிடித்துக்கொண்டாள். “ஏன்யா, பொண்ணுக்காக ஒரு மனுஷன் அங்க வேர்த்து விறுவிறுத்து நிக்கறான். ஒரு பதில் சொல்லத் துப்பில்லை. அத்தையாம், தோட்டமாம்.”

க்ளிஃபர்ட் மீதி பீரைக் குடித்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

டோரீன் ஷோனாவைப் பக்கத்தில் இழுத்தாள். “கடைசிக் கேள்வி என்னன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சர்க்கரைக் கட்டி மாதிரி சதுரம் சதுரமாச் சாணம் போடற மிருகம் எது? கங்காருவா, கோலாவா, வாம்பட்டான்னு.”

ஷோனாவின் கையிலிருந்த துணி நின்றது. “அதை நேராவே கத்தியிருக்கலாமே?”

“கத்தினா பைண்ட் வாங்கித் தருவான். வேண்டாம்னா கேக்கமாட்டான். அப்புறம் பஸ்ஸுக்கு எங்க போவான்? போன வாரம் தொப்பியைச் சுத்தவிட்டு வசூல் பண்ணிக் கொடுத்தோம். தொடாம மேஜையிலயே விட்டுட்டுப் போயிட்டான். ரோஷக்காரன்.”

ஷோனா கதவைப் பார்த்தாள். க்ளிஃபர்ட் எப்போதோ போய்விட்டிருந்தார்.

“பாவம், அவரைப் போய்த் திட்டிட்டேனே. நாளைக்கு வந்தா அத்தையைப் பத்தி நாலு வார்த்தை நல்லபடியா விசாரிக்கணும்.”

“விசாரி, விசாரி” என்றாள் டோரீன். “அநாதை இல்லத்துல வளர்ந்த மனுஷன். அத்தைன்னு கேக்க ஆள் இருந்தா சந்தோஷப்படுவார்.”