கணுக்காலில் ஒரு பள்ளம்

கும்மிடிப்பூண்டி உருக்காலையின் முதலுதவி அறையில், ராபினின் வீங்கிய கணுக்காலை நர்ஸ் திலகவதி கட்டைவிரலால் அழுத்தி எடுக்கிறாள். பள்ளம் அப்படியே நிற்கிறது. சன்னல் வெளிச்சத்தில், அவனுடைய நுரை அடங்காத சிறுநீரில் நனைத்த சோதனைத் தாள் கரும்பச்சையாகிறது. "கிட்னியில புரதம் ஒழுவுது ராபின். அந்த புரதத்துல ஒண்ணு கிட்னி குழாய்க்குள்ள வெட்டுப்பட்டு, கத்திரிக்கோலு மாதிரி ஆயி, உப்பை ஒடம்புக்குள்ள திரும்ப இழுக்கிற கதவைத் தொறந்து வுட்டுடுது. உப்பு வெளிய போவாது. தண்ணியும் அதோடவே தங்கிடுது." "உலைகிட்ட வேர்த்து உப்பு கொறைஞ்சிதான் வீங்குதுன்னு, தெனம் நாலு சொம்பு உப்பு மோரு குடிச்சிக்கினு இருந்தேன் சிஸ்டர்." வெளியே, உலை ஆட்களுக்கான உப்பு மோர் அண்டாவைக் கரண்டியால் தட்டுகிறார்கள். "மாமு, உனக்கு ரெண்டு சொம்பு எடுத்து வெச்சிக்கீறேன்!" என்று யாரோ ஒருவன் ராபினைப் பார்த்துக் கூவுகிறான். ராபின் குனிந்து பார்க்கிறான். பள்ளம் இன்னும் நிரம்பவில்லை.