சந்தனம் ஒட்டிய போன்

ஆலோசகர் பலகையில் ஐந்தாவது கட்டத்தை வரைந்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அடக்கிக்கொண்டான். பாவம், அந்த அம்மா சென்னையிலிருந்து வந்திருக்கிறார்.

நூல் மில்களுக்குக் கணக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் கம்பெனி. கோயம்புத்தூரில் ஒரே ஒரு மாடி. அதற்குள் யார் எந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதிவைக்க வேண்டுமாம். எழுதியபடி நடக்க வேண்டுமாம். தப்பு வந்தால் எழுதியதைத் திருத்த வேண்டுமாம். பிராசஸ் ஃபிரேம்வொர்க் என்று அதற்கு ஒரு பெயர்.

“இது வந்துட்டா எந்த வேலையும் ஒருத்தரை மட்டும் நம்பி நிக்காது” என்றார் ஆலோசகர்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

கம்பெனி நின்றதே அவனை நம்பித்தான்.

சட்டைப் பையில் அந்தப் போன் இருந்தது. பொத்தான் வைத்த பழைய போன். எந்த மில்லில் மென்பொருள் மக்கர் பண்ணினாலும் அதில்தான் கூப்பிடுவார்கள். அவன் எடுப்பான். சரியாகிவிடும். எப்படி என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தான். ஞாபகம் இல்லாதவன் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

போனை எடுத்து மேசையில் வைத்தான். பொத்தான்களின் இடுக்கில் கொஞ்சம் சந்தனம் காய்ந்து கிடந்தது.

மேகலாவின் வளைகாப்புச் சந்தனம்.

மனைவியின் கன்னத்தில் பூச விரலில் எடுத்த நேரம் பார்த்து ஒரு மில்லிலிருந்து கூப்பிட்டார்கள். அந்தக் கையாலேயே எடுத்துவிட்டான். பேசி முடித்து வருவதற்குள், நல்ல நேரம் போகிறதென்று யாரோ பூசிவிட்டார்கள். வளையலும் அடுக்கியாகிவிட்டது.

மேகலா கோபித்துக்கொள்ளவில்லை. தாராபுரத்துக்கு, அம்மா வீட்டுக்குக் கார் ஏறும்போது ஒன்றுதான் சொன்னாள்.

“கொழந்தை பொறக்கறப்பவாச்சும் அந்தப் போனை யாருகிட்டயாவது குடுத்துட்டு வாங்க.”

ஆகட்டும் என்றான். அடுத்த வாரம் பிரசவம். லீவு எழுதிக் கொடுத்திருந்தான். பார்த்துக்கொள்ளலாம் என்ற தெம்பு அவனுக்கு எப்போதுமே உண்டு.

போன் அடித்தது.

பல்லடத்து மில். வாசலில் லாரி லோடோடு நிற்கிறது, பில் வரமாட்டேன் என்கிறது. டிரைவர் திட்டுகிற சத்தம் கூட்டம் முழுக்கக் கேட்டது.

நாற்காலியில் சாய்ந்துகொண்டான். கண்ணை மூடினான்.

தேதியை நேத்துக்கு மாத்துங்க. ம். மறுபடி இன்னைக்கே கொண்டு வாங்க. இப்ப அடிங்க.

அந்தப் பக்கம் பிரிண்டர் கரகரத்தது.

கை தட்டினார்கள். ஆலோசகர்கூடத் தட்டினார்.

“தேதியை எதுக்கு மாத்தினீங்க?”

பக்கத்தில் இருந்த ஹசீனா. அவனைப் போலவே மென்பொருள் எழுதுகிறவள். கைதட்டலில் அவள் கேட்டது யார் காதிலும் விழவில்லை. அவன் காதில் விழுந்தது.

“பாத்தீங்களாங்க மேடம்?” முதலாளி வெள்ளியங்கிரிக்கு முகமெல்லாம் பல். “இவன் இருக்கறப்ப நமக்கு அதெல்லாம் எதுக்குங்க? சரி, வேணும்ங்கறவங்க கையத் தூக்குங்க.”

யாரும் தூக்கவில்லை. ஹசீனா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறக்காமலே ஜெயித்துவிட்டான். பெருமையாக இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

வெள்ளியங்கிரி எழுந்து அவன் தோளைத் தட்டினார்.

“லீவு கேட்டிருந்தியே, தாராளமாப் போயிட்டு வா. போனை மட்டும் கையோட எடுத்துட்டுப் போயிரு.”

அன்பாகத்தான் சொன்னார்.

அவன் சிரித்தான். கட்டைவிரல் பொத்தான் இடுக்கைச் சுரண்டியது. சந்தனம் வரவில்லை.

தாராபுரத்து ஆஸ்பத்திரி கண்முன் வந்தது. உள்ளே குழந்தையின் முதல் அழுகை. வெளியே வராந்தாவில் அவன், ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தேதியை நேத்துக்கு மாத்துங்க என்று கத்திக்கொண்டிருந்தான்.



ஆலோசகர் பலகையை அழிக்கப் போனார்.

“மேடம், அழிக்காதீங்க.”

கையைத் தூக்கியிருந்தான்.

வெள்ளியங்கிரி சிரித்தார். கேலி பண்ணுகிறான் என்று நினைத்தார். கை இறங்கவில்லை என்றதும் சிரிப்பு நின்றது.

“உனக்கு எதுக்குடா இது?”

அவன் இன்னொரு கையால் போனை ஹசீனாவின் பக்கம் தள்ளினான்.

“தேதியை எதுக்கு மாத்தினேன்னு கேட்டீங்கல்ல...”

அதற்கு மேல் வரவில்லை. இத்தனை வருஷத்தில் யாருக்கும் சொன்னதில்லை. வார்த்தையைத் தேடினான்.

ஹசீனா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

போன் அடித்தது.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஹசீனாவும் பார்த்தாள்.

அவன் கையை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினான்.